ரெட் டெட் ரிடெம்ப்ஷன்: ஜானின் கதையும் ஆர்தரின் கதையும்

ராக்ஸ்டார் நிறுவனத்தின் வைல்ட் வெஸ்ட் கேம்களான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் இரண்டு பாகங்களையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஆடிவருகிறேன். அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் ஆழமாக இருப்பது இரண்டாம் பாகத்தில். கதை ஆழமாக இருப்பது முதல் பாகத்தில். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. திரும்பத் திரும்ப ஆடும்போதுதான் வித்தியாசம் பிடிபட்டது. இரண்டு முடிவுகளையும் ஒளிக்காமல் பேசப்போகிறேன், ஆகவே இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் பாகம் 2010இல் வந்தது. கதை நடப்பது 1911இல். இரண்டாம் பாகம் 2018 அக்டோபரில் வந்தது, ஆனால் கதை 1899க்குப் பின்னோக்கிப் போகிறது. முதல் பாகத்தின் நாயகன் ஜான் மார்ஸ்டன், இரண்டாம் பாகத்தின் நாயகன் ஆர்தர் மார்கன். இருவரும் டச்சு வான் டெர் லிண்டேயின் கொள்ளைக்கூட்டத்தில் இருந்தவர்கள். அந்தக் கூட்டம் சிதறப்போகிறது, ஜான் பிழைத்துக்கொள்வான், டச்சுவுக்குக் கடைசியில் புத்தி கலங்கிவிடும். முதல் பாகத்தை முடித்தவனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தெரிந்த கதைக்கு 50 மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் சவால். முதலாவதை 20 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

முதல் பாகத்தின் தொடக்கத்தை இன்றைக்கு ஆடினாலும் அதன் சிக்கனம் ஆச்சரியப்படுத்துகிறது. பிளாக்வாட்டர் என்ற ஊரின் படகுத்துறையில் இரண்டு அரசாங்க ஏஜென்ட்கள் ஒருவனைப் படகிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். அவன் வாயே திறப்பதில்லை. ரயில் பெட்டியில் மற்ற பயணிகள் நாகரிகம், கடவுள், அரசாங்கம் என்று பேசிக்கொண்டே வருகிறார்கள். அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். மனைவியையும் மகனையும் அரசாங்கம் பிடித்துவைத்திருப்பதும், பழைய கூட்டாளிகளை வேட்டையாடிக் கொடுத்தால்தான் அவர்கள் திரும்பக் கிடைப்பார்கள் என்பதும் பிறகு, குதிரையில் போகும்போது பண்ணைக்காரி பானி மெக்ஃபார்லேனிடம் ஜான் உதிர்க்கும் அரைகுறை வார்த்தைகளில்தான் தெரியவருகிறது. அவனுடைய கொள்ளைக்கார நாட்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்கூடக் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. மெக்ஸிகோ பகுதி இழுவை. காலையில் ஜான் ராணுவத்துக்காக ஊரைக் கொளுத்துகிறான், மாலையில் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து அதே ராணுவத்தைச் சுடுகிறான். குடும்பத்துக்காக எதையும் செய்வான் என்று கேம் சமாதானம் சொல்லப் பார்க்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை, இப்போதும் அந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுவேன். நைஜல் வெஸ்ட் டிக்கன்ஸ், ஐரிஷ், சேத் எல்லோரும் மிஷன் கொடுப்பதற்காகவே பிறந்த ஆட்கள். ஒரே ஒரு குணத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்த முடிவு! டச்சு மலையுச்சியிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததோடு வேறு எந்த கேமும் முடிந்திருக்கும். இங்கே ஜான் வீட்டுக்குப் போகிறான். மாடு ஓட்டுகிறோம், தானியக் கிடங்கில் காக்கா விரட்டுகிறோம், மகன் ஜாக்கை வேட்டைக்குக் கூட்டிப்போகிறோம். அப்பன்மேல் கோபமாக இருக்கும் பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பிக்கிறான். கதை முடிந்த பிறகும் ஏன் இதெல்லாம் என்று சலிப்பு வரும் நேரத்தில்தான் ராணுவம் வருகிறது. ஜான் கொட்டகைக் கதவைத் திறக்கிறான், எதிரே வரிசையாகத் துப்பாக்கிகள். நேரத்தை மெதுவாக்கிக் குறிவைக்க உதவும் ‘டெட் ஐ’ வசதி தானாகவே தொடங்குகிறது. எத்தனை பேரைக் குறிவைத்தாலும் மிச்சம் இருப்பார்கள். அதுவரை எந்தச் சண்டையிலும் நம்மைக் காப்பாற்றிய அதே வசதி அங்கே பயன்படாமல் போகிறது. சாவை, நாம் ஆடாமல் வெறுமனே பார்க்கும் கட்சீனில் காட்டியிருக்கலாம். நம் விரலிடம் கொடுத்ததுதான் இந்த கேம் செய்த பெரிய காரியம்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. 1914இல் வளர்ந்த ஜாக்காக ஆட்டம் தொடர்கிறது. அடுத்து என்ன என்று கேம் சொல்வதில்லை. மேப்பில் பிளாக்வாட்டர் பக்கம் ஒரு சைட் மிஷன் குறி மட்டும் தெரிகிறது. தொடர்ந்து போனால், ஜானைக் கொல்ல வந்த ராணுவத்தை நடத்திய, இப்போது ஓய்வுபெற்ற ஏஜென்ட் எட்கர் ராஸ் ஆற்றோரம் வாத்து சுட்டுக்கொண்டிருக்கிறார். ஜாக் அவரைக் கொல்கிறான். உடனே கேமின் பெயர் திரையில் விழுகிறது. மகன் துப்பாக்கி பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் ஜான் இத்தனையும் செய்தான். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து முடித்துவைப்பது நாம்தான், அதுவும் யாரும் சொல்லாமல் நாமாகவே தேடிப்போய்.

இப்போது இரண்டாம் பாகம். இதில் கதை நடக்கும் இடம் கூட்டம் தங்கும் கேம்ப்தான். 20க்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக வாழ்கிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ராத்திரியில் நெருப்பைச் சுற்றிப் பாடுகிறார்கள். மிஷன் எதுவும் எடுக்காமல் சும்மா கேம்புக்குள் நடந்தாலே ஏதாவது காதில் விழும். இத்தனை தடவை ஆடிய பிறகும் நான் கேட்டிராத உரையாடல் ஒன்று வந்துவிடுகிறது. ஆரம்பகாலக் கேம்பான ஹார்ஸ்ஷூ ஓவர்லுக்கில் இருக்கும் கலகலப்பும் கடைசிக் கேம்பான பீவர் ஹாலோவில் நிலவும் மௌனமும் கட்சீனில் சொல்லப்படுவதில்லை. ஒருநாள் பார்த்தால் பியர்சன் இல்லை, இன்னொரு நாள் மேரி பெத் இல்லை. யார் யார் போய்விட்டார்கள் என்று நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாவுகளும் அப்படித்தான். கூட்டத்தில் ஒருவனான ஷான் பேச்சின் நடுவிலேயே தலையில் சுடப்படுகிறான். லெனியோடு ஒரு ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு ஆடிய கூத்து மறக்கவே முடியாதது, அந்த லெனி செயின்ட் டெனிஸ் நகரில் கூரைமேல் ஓடும்போது ஒரே நொடியில் விழுகிறான். கடைசி வார்த்தை கிடையாது, சோக இசை கிடையாது, ஆர்தர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆர்தர் மார்கனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் தாமஸ் டௌன்ஸ் என்ற நோயாளியிடம் கடன் வசூலிக்கப் போகிறான். பட்டனை அழுத்தி அடிப்பது நாம்தான். டௌன்ஸ் இருமும்போது ஆர்தர் முகத்தில் ரத்தம் தெறிக்கிறது. சாதாரண வசூல் மிஷன், முதல் தடவை யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பல பத்து மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் சுருண்டு விழ, டாக்டர் காசநோய் என்கிறார். அதன் பிறகு அவன் உடம்பு மெலிகிறது, முகம் வெளுக்கிறது, இருமல் நிற்பதில்லை. டௌன்ஸின் மனைவியும் மகனும் கஷ்டத்தில் இருப்பதை வழியில் பார்க்கிறான். உதவப் போகலாம், போகாமலும் விடலாம். இரண்டாவது முறை ஆடும்போது அந்த வசூல் மிஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். தவிர்க்க முடியாது, கதையில் கட்டாயம். ரயில் நிலையத்தில் கன்னியாஸ்திரீ கல்டெரோனிடம் தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆர்தர் சொல்லும் இடம் வருகிறதே, கேம்களில் ஒரு முரடன் இவ்வளவு எளிமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ரோஜர் கிளார்க்கின் குரலுக்கு அதில் பாதிப் பங்கு.

ஆர்தர் எழுதும் டைரியைப் பலர் திறப்பதே இல்லை. கட்டாயம் திறக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அதில்தான் எழுதுகிறான், பறவை, விலங்கு, மனிதர் என்று அழகாக வரைகிறான். அவன் போன பிறகு டைரி ஜானிடம் வருகிறது. ஜானின் படங்கள் கோணல்மாணலாக இருக்கும். ஆர்தர் இல்லாததை இதைவிட நன்றாக வேறு எந்தக் காட்சியும் சொல்லவில்லை.

சரி, இவ்வளவு இருந்தும் கதை ஆழம் முதல் பாகத்தில் என்று ஏன் சொல்கிறேன்? இரண்டாம் பாகத்தின் பிரதான மிஷன்கள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. டச்சு ஒரு திட்டம் சொல்வான், அது கெடும், நூறு பேரைச் சுட்டுவிட்டுத் தப்பி ஓடுவோம், இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும் என்பான். மிஷனுக்குள் சொன்ன வழியை விட்டு நாலடி விலகினாலும் தோல்வி என்று திரை கருத்துவிடும். வெளியே அத்தனை சுதந்திரம், உள்ளே அத்தனை கட்டுப்பாடு. குவார்மா தீவு அத்தியாயம் முழுவதையும் வெட்டி எறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை. அங்கே டச்சு ஒரு கிழவியைக் கழுத்தை நெரிக்கும் காட்சியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். கூட்டத்தில் ஒருவனான மைக்கா பெல் வந்த முதல் நாளிலிருந்தே துரோகி முகத்தோடு திரிகிறான். இவ்வளவு நுணுக்கமாக ஆட்களைப் படைத்தவர்கள் வில்லனை மட்டும் ஏன் இப்படி வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள் என்பது இன்றும் புரியவில்லை.

டச்சு விஷயத்தில் இரண்டாம் பாகத்துக்கு முழு மதிப்பெண். முதல் பாகத்தில் அவன் மலையில் இருந்துகொண்டு தத்துவம் பேசும் பைத்தியம். இதில் அவன் கெடுவதை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறோம். மறுபடி ஆடினால், பனிமலைக் கேம்பில் அவன் பேசும் முதல் பேச்சிலேயே எல்லாம் இருப்பது தெரிகிறது. கெட்டுப்போனானா, முதலிலிருந்தே இப்படித்தானா என்று ஆர்தரைப் போலவே நாமும் குழம்புகிறோம். எல்லாவற்றுக்கும் தொடக்கமான பிளாக்வாட்டர் படகுக் கொள்ளையைக் கேம் கடைசிவரை காட்டவே இல்லை, ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பாகத்தின் அடக்கம் இங்கே மட்டும் திரும்ப வந்திருக்கிறது.

ஆர்தருக்குப் பிறகு ஜானாக ஆடும் இரண்டாம் பாகத்தின் எபிலாக் (பின்கதை) நீளம் என்று பலர் குறைப்படுகிறார்கள். ஆர்தர் இறந்த வேதனையோடு மாட்டுச்சாணம் அள்ளச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கோ, முதல் பாகத்தைத் திரும்ப ஆடும்போது மிகவும் உதவியது அந்தப் பகுதிதான். ஜானின் பண்ணையான பீச்சர்ஸ் ஹோப்பில் வீட்டை நாமே ஆணி அடித்துக் கட்டுகிறோம். அப்புறம் ஜான் மைக்காவைப் பழிவாங்கப் போகிறான், வேண்டாம் என்று மனைவி அபிகெயில் கெஞ்சியும். அந்தக் கொலையின் தடயத்தைப் பிடித்துக்கொண்டுதான் ராஸ் அவன் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். இதை முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது காட்டுகிறார்கள். ஆர்தர் உயிரைக் கொடுத்து வாங்கித்தந்த வாழ்க்கையை ஜான் பழிக்காகத் தொலைக்கிறான், அடுத்து ஜாக்கும் அதையே செய்கிறான். 2010இல் ராணுவம் சுற்றிவளைத்தது ஏதோ ஒரு வீட்டை. இப்போது ஆடினால் அது நான் கட்டிய வீடு.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தில் குட்டிப்பையன் ஜாக்கை ஆர்தர் மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் மிஷனில், ஆற்றங்கரைக்கு மில்டன் என்ற ஏஜென்ட்டோடு ராஸும் வருகிறார். ராஸை ஜாக் அங்கே பார்க்கிறான். 1914இல் அவரைக் கொல்வதும் ஆற்றங்கரையில். கேம் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை.

ஒட்டாத இடமும் உண்டு. முதல் பாகத்தில் ஜான் ஒருமுறைகூட ஆர்தர் பெயரைச் சொல்வதில்லை. 2010இல் அப்படி ஒரு ஆளே எழுதப்படவில்லை. பிறவியிலேயே வாய் திறக்காத ஜாதி ஜான் என்பதால் இந்த ஓட்டை பெரிதாக உறுத்தவில்லை. நீச்சல் விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் ஆழத் தண்ணீரில் இறங்கினால் ஜான் செத்துவிடுவான். இரண்டாம் பாகத்தில் ஆர்தர் நன்றாக நீந்துகிறான், எபிலாக்கில் ஜானாக மாறியதும் மறுபடி மூழ்குகிறோம்.

எதை முதலில் ஆடுவது என்று கேட்டால், வெளிவந்த வரிசையில்தான். கதையின் காலவரிசைப்படி போனால், படகிலிருந்து இறங்கும் அந்த ஊமை மனிதன் யார் என்ற கேள்வியே இல்லாமல் போய்விடும். முதல் பாகம் 2023இல் பிளேஸ்டேஷன் 4க்கும் ஸ்விட்ச்சுக்கும் 2024இல் பிசிக்கும் வந்துவிட்டது, பழைய கன்சோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதை முடித்து, இரண்டாவதை அவசரப்படாமல் ஆடி, முடிந்தால் முதலாவதை இன்னொரு தடவை ஆடுங்கள். அந்த மறுமுறையில் மெக்ஸிகோவைத் தாராளமாக வேகமாகக் கடந்துவிடலாம்.