பிரிண்டருக்கு ‘ஸ்டேட்டிக் ஐபி’ என்று பில் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

ஒரே பிரிண்டருக்கு மூன்று முறை சர்வீஸ் சார்ஜ், மாற்றாத கார்டுக்கு ஒரு பில், எங்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்கு மாதச் சந்தா. நான்கு மாதத்தில் இவ்வளவும் கட்டினோம். கடைசியில் நாங்களே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கோளாறு தீர்ந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பிரிண்டரை வைத்துக்கொண்டு திண்டாடும் சின்ன அலுவலகக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியனின் பெயர் வேண்டாம். செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்களுடையது ஸ்கேனரும் சேர்ந்த லேசர் பிரிண்டர். கேபிள் போட்டு ரவுட்டரில் செருகியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இரண்டு நாள் விடுமுறை கழித்து வந்தால் எல்லா கம்ப்யூட்டரிலும் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். பிரிண்டரோ பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டரில் அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேலை செய்யும். அடுத்த நீண்ட விடுமுறை வரை பிரச்சினை இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி அட்ரஸ் என்ற ஒரு எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் டிஹெச்சிபி. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்தக் கெடு 24 மணி நேரம். கருவி ஓடிக்கொண்டே இருந்தால் பாதிக் கெடு தாண்டியதுமே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு நாள் அணைந்து கிடந்தால் கெடு முடிந்துவிடும், அந்த எண் வேறு யாருக்காவது போய்விடலாம். திரும்ப எழுந்த பிரிண்டருக்குப் புது எண் கிடைக்கும். கம்ப்யூட்டர்கள் மட்டும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

இது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் ஆள் கூப்பிட்டோம்.

முதல் முறை வந்தபோது அவர் சொன்னது சரி, அதை மறுக்க மாட்டேன். “ஐபி மாறுது சார், ஸ்டேட்டிக் போட்டுட்டா தீர்ந்தது” என்றார். ஸ்டேட்டிக் என்றால் மாறாதது. பிரிண்டரின் சின்னத் திரையில் அப்போது என்ன எண் இருந்ததோ அதையே, 192.168.1.105 என்று, ‘மேனுவல்’ பக்கத்தில் தட்டினார். ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “இனி மாறவே மாறாது” என்று சொல்லி பில்லை நீட்டினார்.

அங்கேதான் கோளாறே. எங்கள் ரவுட்டர் 100 முதல் 199 வரையிலான எண்களைத் தன் இஷ்டத்துக்கு வினியோகிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. 105 அதற்குள் இருக்கிறது. ‘இந்த எண் உன்னுடையது’ என்று பிரிண்டரிடம் சொன்னவர் ரவுட்டரிடம் சொல்லவில்லை. பிரிண்டர் எண் கேட்டுப் போவதை நிறுத்திவிட்டதால், ரவுட்டரைப் பொறுத்தவரை 105 காலி மனை. சில ரவுட்டர்கள் ஒரு எண்ணைத் தருவதற்கு முன் அங்கே ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். ஆனால் அந்த நேரத்தில் பிரிண்டர் அணைந்து கிடந்தால் யார் பதில் சொல்வது?

ஒரு வாரம் கழித்து முன்பைவிட மோசமானது. முன்பெல்லாம் ஒன்று வரும், அல்லது வராது. இப்போது பத்துப் பக்கம் கொடுத்தால் நாலு பக்கம் வந்து நிற்கும். காலையில் ஓடும், பதினொரு மணிக்கு ஓடாது. ஒரு கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் என்று காட்டும்போதே பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும்.

இரண்டாம் முறை வந்தவர் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தார், பின்பக்கத்தை இரண்டு தட்டு தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். “நெட்வொர்க் கார்டு போயிடுச்சு சார். மாத்திடலாம்.” பிரிண்டரை எடுத்துப்போய் மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தார். பழைய கார்டு எங்கே என்று கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். சரி என்று காசு கொடுத்தோம். நான் ஏமாந்ததில் எனக்கே கோபம் வருகிற இடம் இதுதான். பழைய பாகத்தைக் கண்ணில் காட்டாமல் யார் பில் போட்டாலும் வாங்கக் கூடாது என்பது தையல் மெஷின் ரிப்பேர் காலத்திலிருந்து தெரிந்த விஷயம்.

அந்தக் கார்டு மாற்றப்படவில்லை என்று எப்படித் தெரியும்? பிரிண்டர் வாங்கிய அன்று டெலிவரி செய்தவர் அதன் மெனுவிலிருந்து ‘கான்ஃபிகரேஷன் பேஜ்’ என்று ஒரு தாள் எடுத்துத் தந்திருந்தார். வாரன்டி அட்டையோடு சேர்ந்து ஃபைலில் கிடந்தது. அதில் மேக் அட்ரஸ் என்று 12 இலக்கத்தில், எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு அடையாளம் இருக்கும். நெட்வொர்க் பாகத்துக்கு அது கைரேகை மாதிரி, பாகம் மாறினால் பெரும்பாலும் அதுவும் மாறிவிடும். ‘கார்டு மாற்றிய’ பிறகு நாங்கள் எடுத்த தாளையும் பழைய தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் அப்படியே பொருந்தின. உங்கள் பிரிண்டரிலும் இப்படி ஒரு தாள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மெனுவில் ‘ரிப்போர்ட்ஸ்’ என்ற பகுதியில் இருக்கும்.

ஆனால் அந்த ஒப்பீடெல்லாம் பிற்பாடு. அதற்கு முன்னால் மூன்றாம் முறையும் கூப்பிட்டோம்.

இந்த முறை அவர் கொண்டுவந்த விளக்கம்தான் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. “உங்களோடது லோக்கல் ஐபி சார், அதான் இழுத்துட்டே இருக்கு. இன்டர்நெட் கம்பெனிகிட்ட ஒரிஜினல் ஸ்டேட்டிக் ஐபி வாங்கிடுங்க. நானே பேசி வாங்கித் தர்றேன், மாசாமாசம் கட்டணும்.” ஒரிஜினல் என்ற சொல்லில் விழுந்தோம்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பெயர்க் குழப்பத்தில்தான் எங்கள் காசு போனது. ஸ்டேட்டிக் ஐபி என்று இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, இன்டர்நெட் நிறுவனம் உங்கள் இணைப்புக்குத் தரும் மாறாத வெளி முகவரி. அது ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் உட்காரும். அலுவலகத்துக்குள் சர்வர் வைத்து அதை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பயன்படும். இன்னொன்று, உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே புழங்கும் உள் முகவரி. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை, இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் நெட்வொர்க்குக்குள் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-ல் வந்த, இணைய நடைமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1918 ஆவணமே ஒதுக்கி வைத்திருக்கிறது. பிரிண்டருக்கு நிலையாக வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். இதற்கு வாடகை கிடையாது, சந்தா கிடையாது. முதல் வகையை எத்தனை மாதம் வாங்கினாலும் எங்கள் 105 சண்டை தீராது.

வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரே ரவுட்டருக்குள் போய் 9100 என்ற போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டார். “இனி வீட்டிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம் சார்.” 9100 என்பது பிரிண்டரின் பின்வாசல். அங்கே வந்து விழுவதைப் பெரும்பாலான பிரிண்டர்கள் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் அச்சடித்துவிடும். உள் நெட்வொர்க்கில் அது வசதி. வெளியே திறந்தால் தெருவில் போகிறவரெல்லாம் தட்டுவார்கள். 2018 நவம்பர் கடைசியில் ஒரு யூட்யூபருக்கு ஆதரவு கேட்டு எங்கெங்கோ உள்ள பிரிண்டர்களில் துண்டறிக்கை தானாக அச்சாகி விழுந்ததே, அது இப்படித் திறந்து கிடந்த 9100 வழியாகத்தான். செய்தவர் சுமார் 50,000 பிரிண்டர் என்று சொல்லிக்கொண்டார்.

எங்களுக்கு அவ்வளவு சுவாரசியமாக எதுவும் வரவில்லை. ஒரு காலையில் ட்ரேயில் பத்துப் பதினைந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வரி, மீதி வெள்ளை. இணையத்தில் எது திறந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் வெப்சைட் என்று நினைத்து அனுப்பும் கேள்வி அது. பிரிண்டர் அதையும் கடமை தவறாமல் அச்சடித்து வைத்திருந்தது. எங்கள் சீனியர் அக்கா ஒரு தாளை எடுத்துப் புரட்டிவிட்டு, “யாருடா இது ராத்திரி வந்து பிரிண்ட் எடுத்தது?” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பியதும் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் என்று அடித்து 192.168.1.105 கொடுத்தேன். அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுக்கும் கட்டளை அது. பதில் வந்தது. “அக்கா, பிரிண்டர் பிளக்கைப் பிடுங்குங்க” என்றேன். பிடுங்கினார். வயரைக் கையில் தூக்கிக் காட்டினார். திரையில் பதில் வந்துகொண்டே இருந்தது.

கேபிளில் செருகிய பிரிண்டர் 1 மில்லி செகண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். வந்த பதில்களோ 43, 112, 9, மறுபடி 87 என்று ஏறி இறங்கின. வைஃபையில் இருக்கும் ஏதோ ஒன்று என்று புரிந்தது. ஒவ்வொரு கருவியாக வைஃபையை அணைத்துக்கொண்டே வந்தோம். அக்கா தன் போனில் அணைத்ததும் பதில் நின்றது.

“அப்போ இத்தனை நாளா என் போனுக்கா பிரிண்ட் கொடுத்துட்டிருந்தோம்?”

அதேதான். அக்கா லீவு போட்ட நாட்களில் பிரிண்டர் சமர்த்தாக ஓடியது இப்போது நினைவுக்கு வந்தது. வெளி வேலை முடித்து அவர் அலுவலகத்துக்கு வருவதே பதினொரு மணிக்குத்தான்.

சரி, ரவுட்டரில் சரிசெய்யலாம் என்று போனால் பாஸ்வேர்டை டெக்னீஷியன் மாற்றி வைத்திருந்தார். போன் செய்து கேட்டேன். “அது செக்யூரிட்டிக்காக சார், நீங்க தொட்டா கலைஞ்சிடும், நானே வந்து பண்றேன்” என்றார். நாலாவது விசிட். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்டர்நெட் நிறுவனத்திடம் இணைப்பின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, ரவுட்டரின் பின்னால் இருக்கும் ஓட்டையில் குண்டூசியை அழுத்தி ரீசெட் செய்தோம். அந்த இரண்டு விவரமும் கையில் இல்லாமல் ரீசெட் பக்கம் போகாதீர்கள், இன்டர்நெட்டும் சேர்ந்து போய்விடும். ரீசெட்டில் அந்த 9100 வாசலும் மூடிக்கொண்டது, அது ஒரு நன்மை.

அதற்கப்புறம் செய்தது சின்ன வேலை. பிரிண்டரை மறுபடி ‘ஆட்டோ’வுக்கு, அதாவது டிஹெச்சிபிக்கு மாற்றினோம். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதியில் அதன் மேக் அட்ரஸைக் கொடுத்து ஒரு எண்ணை அதற்கென்று கட்டிவைத்தோம். இனி பிரிண்டர் எப்போது கேட்டாலும் அந்த எண்தான் கிடைக்கும், வேறு யாருக்கும் ரவுட்டர் அதைத் தராது. கேபிளுக்கு ஒரு மேக் அட்ரஸ், வைஃபைக்கு வேறு ஒன்று இருக்கும், எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைக் கொடுக்க வேண்டும். ரவுட்டரில் இந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே மேனுவலாகப் போடலாம், தப்பில்லை. ஆனால் ரவுட்டர் வினியோகிக்கும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும். எங்களுக்கு 100 முதல் 199 என்றால் 20 என்று போட்டிருக்கலாம். எனக்கு ரிசர்வேஷன்தான் பிடிக்கும், எல்லா எண்ணும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். ரவுட்டரை மாற்றும்போது மறுபடி எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மேனுவல் பக்கத்தைக் கலைப்பதற்கு முன் அதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. டிஎன்எஸ் என்ற இடத்தில், அதாவது இணையத்தில் ஒரு பெயருக்கு உரிய எண்ணை யாரிடம் கேட்பது என்ற இடத்தில், 192.168.0.1 என்று போட்டிருந்தார். எங்கள் ரவுட்டர் 192.168.1.1. ஒரே நெட்வொர்க்குக்குள் எண்ணைக் கொடுத்து பிரிண்ட் எடுக்க டிஎன்எஸ் தேவையில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஸ்கேன் செய்ததை ஈமெயிலில் அனுப்ப மெயில் சர்வரைப் பெயரை வைத்துத் தேடியாக வேண்டும், அது மட்டும் முதல் விசிட்டுக்குப் பிறகு நின்றுபோயிருந்தது. கேட்டபோது “அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும் சார்” என்றிருந்தார். ஆட்டோவுக்கு மாற்றியதும் ஸ்கேன் ஈமெயிலில் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர்களில் ஒரு வேலை பாக்கி இருக்கும். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பக்கம் போய், ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்’ ஒன்றைச் சேர்த்துப் புது எண்ணைக் கொடுக்க வேண்டும். பிங் போகிறது, ஆனாலும் ஆஃப்லைன் என்று காட்டினால் அதே போர்ட்டின் கான்ஃபிகர் பக்கத்தில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற டிக்கை (பிரிண்டரின் நிலையைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும் வழி அது) எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரில் அதுதான் மிச்சத் தொல்லை.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது, நடுவில் ஒரு நீண்ட விடுமுறையும் வந்து போனது. பிரிண்டர் ஒரு தடவைகூட ஆஃப்லைன் ஆகவில்லை. டெக்னீஷியனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது, “உங்க ஆபீஸ்ல யாரோ போன் கனெக்ட் பண்ணினா அதுக்கு நான் என்ன சார் பண்றது?” என்றார். மாதச் சந்தாவை நிறுத்திவிட்டோம், முன்பணமாகக் கட்டியது திரும்ப வராதாம். கார்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு, மேக் அட்ரஸ் உள்ள இரண்டு தாள்களின் நகலையும் அவர் போட்ட பில்லையும் இணைத்து எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.