ஆண்டு உயர்வா, புள்ளி பஞ்சப்படியா?

2023 தொடக்கத்தில் எங்கள் பம்ப் ஆலையில் செட்டில்மென்ட் பேச்சு முடியும்போது நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. மாதச் சம்பளத்தில் முதல் ஆண்டு 1,500, அப்புறம் ஆண்டுக்கு 1,000 வீதம் மூன்று ஆண்டில் 3,500 ரூபாய். அல்லது அதே 1,500 மட்டும், கூடவே விலைவாசியை அளக்கும் தொழிலாளர் விலைக் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் 150 ரூபாய் பஞ்சப்படி. கேட் மீட்டிங்கில் பலருக்கு முதல் வழிதான் பிடித்தது. நான் புள்ளிக்குக் கை தூக்கினேன், அதுவே மயிரிழையில் ஜெயித்தது.

ஆண்டு உயர்வில் இருக்கும் வசதி தெரிந்ததுதான். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும், அதை நம்பிச் சீட்டு போடலாம்.

கையில் வரும் காசில் பெரிய வித்தியாசம் இல்லை. தொழிலாளர் விலைக் குறியீட்டெண் 2022 டிசம்பரில் 132.3, 2024 டிசம்பரில் 143.7. ஏறியது 11.4 புள்ளி, அதாவது 1,710 ரூபாய். 2025 தொடக்கத்தில் எங்களுக்கு 3,210 என்றால் அந்தப் பக்கம் 3,500. நடுவில் பல மாதம் நாங்கள் முன்னால் இருந்தோம்.

நான் கை தூக்கியது கிராஜுவிட்டிக்காக, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸ் கணக்கில் தரும் தொகைக்காக. முதல் வழியில் பின்னால் தரும் அந்த 2,000 ரூபாயை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள். கிராஜுவிட்டிக்கு அந்தப் படிகள் சேராது, பேசிக்கும் பஞ்சப்படியும்தான் கணக்கு. 1,710-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 20 வருட சர்வீஸுக்குப் போட்டால் 19,700 ரூபாய்க்கு மேல். இரண்டே வருடப் புள்ளிக்கு இவ்வளவு, இன்னும் ஏற ஏற பழைய சர்வீஸ் முழுவதற்கும் சேர்த்து ஏறும். பி.எஃப்.பிலும் மாதம் 205 ரூபாய் கூடும், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். ஆனால் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப். பிடிக்கிற ஆலையில் இந்த லாபம் கிடைக்காது.

படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் மிச்சத்தை ஊதியமாகவே எடுக்க வேண்டும் என்கிறது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு. அதனால் இந்த வித்தியாசம் சில இடங்களில் சுருங்கலாம். குறியீட்டெண் ஒரு வருடம் முழுக்க இறங்கி நான் அனுபவித்ததில்லை, இறங்கினாலும் பஞ்சப்படி குறையாது என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள்: குறியீட்டெண்ணை 100 என்று வைத்துத் தொடங்கும் அடிப்படை ஆண்டு மாறினால் என்ன செய்வது என்று. 2001-லிருந்து 2016-க்கு மாற்றியபோது புதிய புள்ளி ஒன்று பழைய 2.88 புள்ளிக்குச் சமம். பழைய புள்ளிக்குப் பேசிய பைசாவையே புதிய புள்ளிக்கும் வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு போச்சு.