சார்ஜ் போர்ட்டில் ஈரம்: கோத்தகிரியில் ஒரு போன், நாலு மழைக்காலம்

சித்தி பையன் ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறான். போன வாரம் கூப்பிட்டான். "அக்கா, உங்க போன் கம்பெனியிலயே அடுத்த மாடல் விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" அவன் கேட்ட அன்றுதான் நான் என் போனுக்கு இரண்டாவது முறையாக சார்ஜ் போர்ட் (சார்ஜர் வயரைச் செருகும் துளை) மாற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பஸ் ஏறியிருந்தேன். வழியில் அரவேனு வரும்வரை பேசினேன். அவனுக்குச் சொன்னதையும், சிக்னல் போய்விட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். மலைக்குக் குடிவருகிற வேறு யாருக்காவது உதவும்.

2021 கடைசியில் வாங்கிய போன். கேமரா, திரை, வேகம் எதிலும் குறை இல்லை, அதைப் பற்றி எழுதவும் போவதில்லை. சுற்றுவட்டாரத்தில் சிறு தேயிலை விவசாயிகளுக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுவது என் வேலை. யார் எத்தனை கிலோ போட்டார்கள், முன்பணம் எவ்வளவு, உரத்துக்குப் பிடித்தம் எவ்வளவு என்று தினமும் ஊர் ஊராகப் போய்ப் பதிய வேண்டும். போன் இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட போன், வாங்கிய மறு வருஷ ஐப்பசியிலிருந்து மாதம் நாலைந்து தடவை சார்ஜ் ஏற மறுத்தது. வயரைச் செருகினால் நீர்த்துளி படம் ஒன்று வரும். போர்ட்டில் ஈரம் உள்ளது, சார்ஜரைக் கழற்றவும் என்று ஒரு வரி வரும். ராத்திரி பத்து மணிக்கு, பேட்டரியில் 6 சதவீதம் இருக்கும்போது, காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு அந்த வரியைப் படித்தால் எப்படி இருக்கும்!

கோத்தகிரி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மாதம் கொட்டும்போது எங்களுக்கு அவ்வளவாக இருக்காது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துவிடும். எங்கள் முறை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. பத்து நாள் சேர்ந்தாற்போல் வெயிலே வராமல், வாசற்கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். துவைத்த துணி காயாது, செருப்பில் பூசணம் பூக்கும், உப்பு ஜாடியில் உப்பு கரைந்து நிற்கும். இந்தக் காற்றைத்தான் என் போன் நாலு வருஷமாக சுவாசிக்கிறது.

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சார்ஜ் ஏறுவது முழுசாக நின்றது. ஒருநாள் வேலையை விட்டு, கோவையில் உள்ள அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையன் சிம் தட்டை வெளியே இழுத்து, அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "தண்ணி பட்டிருக்கு மேடம். வாரண்டி வராது."

"தம்பி, இது ஒரு நாளும் தண்ணியில விழுந்ததே இல்ல."

"ஸ்டிக்கர் செவந்திருக்குங்களே."

உள்ளே ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. நீர் தொட்டால் சிவப்பாகிவிடும், திரும்ப வெள்ளையாகாது. அந்த ஸ்டிக்கருக்கு முன்னால் என் வார்த்தைக்கு மதிப்பு இல்லை. போன் பெட்டியில் ஐபி67 என்று அச்சடித்திருக்கிறதே என்று கேட்டேன். அது ஒரு மீட்டர் ஆழத்துக்குள் நல்ல தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்பதற்கான சோதனை என்றும், அதைத் தாண்டி நீரால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்றும் ஒரு தாளை நீட்டினான். பழுது பார்க்க 9,400 ரூபாய் என்றான். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

இன்றைக்கு யோசித்தால் அந்தப் பையன்மேல் தப்பில்லை. ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்காரர் போர்ட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடியின் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அதே பச்சை, ஊசிமுனை அளவுக் கம்பிகள்மேல் படிந்திருந்தது. "எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அப்பச் சரி. மேல இருந்து வர்ற போனெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றார். 1,800 ரூபாயில் வேலை முடிந்தது. அவர் சொல்லித்தான் எனக்குக் காரணமே விளங்கியது.

காலையில் கோத்தகிரியில் 12 டிகிரியில் குளிர்ந்துபோன போனையும் லேப்டாப்பையும் பையில் போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் பையைத் திறக்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல அவை வியர்க்கும். வெளியே வியர்த்தால் துடைத்துவிடலாம், போர்ட்டுக்குள்ளும் வியர்க்கிறதே. இதைவிட மோசமானதை நான் வீட்டிலேயே தினமும் செய்துகொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்ததும், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று போனைச் சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலேயே வைத்துவிடுவேன். கீழே சோறு வெந்துகொண்டிருக்கும். ஐபி67 சோதனையில் உலைநீர் ஆவி கிடையாது.

ஈரம் என்றதும் அம்மா போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார். எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். அரிசி பெரிதாக ஈரத்தை இழுப்பதில்லை, அதன் மாவுத் தூசிதான் போர்ட்டுக்குள் போய் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று எழுதிவிட்டது. ஹேர் டிரையர், பஞ்சு சுற்றிய குச்சி இரண்டும் வேண்டாம். போர்ட் கீழ்நோக்கி இருக்கப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பச் செருகிப் பாருங்கள். முழுசாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அவசரமென்றால் வயர் இல்லாத சார்ஜர் தட்டில் வைக்கலாம், அதற்குப் போர்ட்டே தேவையில்லை. முதுகைத் துடைத்துவிட்டு வைத்தால் போதும். அந்தத் தட்டில் போன் சூடாகிறது என்று சமவெளிக்காரர்கள் குறை சொல்வார்கள். மார்கழியில் எங்களுக்கு அந்தச் சூடு வரம்.

ஆனால் எனக்கு உண்மையில் வழி காட்டியவர் போன் கடைக்காரர் இல்லை, தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் இலையைக் காயவைக்கும் டிரையர் பார்த்த ஓர் ஐயா. கணக்கு எழுத உட்கார்ந்த இடத்தில் போனைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தூளை எப்படி வெக்கிறோமோ அப்படி வெச்சுக்கோ கண்ணு. காஞ்சதும் டின்னுல போட்டு மூடணும். திறந்து வெச்சா தூள் காத்துல இருக்கற தண்ணியக் குடிச்சிரும்." டிரையரிலிருந்து வரும் தூளில் 3 சதவீதம்தான் ஈரம் இருக்கும். திறந்து கிடந்தால் சில நாளிலேயே நமுத்துவிடும். ஐம்பது வருஷமாக மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், போனுக்கும் லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து மர பீரோ ஒன்று இருக்கிறது. அதன் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குப் பூசணம் பிடிக்காமல் இருக்க 15 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும். இந்தப் பக்கம் பழைய வீடுகளில் இது வழக்கம்தான். மேல்தட்டில் இடம் ஒதுக்கி, ராத்திரி போனையும் லேப்டாப்பையும் அங்கே வைக்க ஆரம்பித்தேன். பல்பு தண்ணீரை எங்கும் விரட்டுவதில்லை, காற்றைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 18 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதே நீராவி இருந்தும் ஈரப்பதம் சுமார் 65 சதவீதமாக இறங்கிவிடும். எல்இடி பல்பு போட்டால் வேலைக்காகாது, அதில் அவ்வளவு சூடு வராது. பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்க வேண்டும், துணி அதில் படவே கூடாது. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பீரோவுக்குள் போனபிறகு அந்த நீர்த்துளி படம் மாதம் நாலைந்து என்றிருந்தது, மழைக்காலத்தில் ஒன்று, மற்ற மாதங்களில் இல்லை என்று ஆனது. நாலு வருஷத்தில் இந்தப் போன் எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் அதுதான். போன வாரம் மாற்றிய போர்ட்டில்கூடக் களிம்பு இல்லை, தினமும் செருகிச் செருகித் தேய்ந்துபோனது என்று கடைக்காரர் காட்டினார். மலை இறங்கும்போது இரண்டையும் ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுகிறேன், கீழே போய் ஒரு மணி நேரம் திறப்பதில்லை. பனி பையின் மேல் பூக்கிறது, உள்ளே பூப்பதில்லை. கூடவே ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். அது பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்.

தம்பி வரப்போவது ஊட்டி. அங்கே தலைகுந்தா பக்கம் தை மாதம் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஆகவே குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட்டரி 25 சதவீதம் காட்டும்போதே போன் பொட்டென்று அணைந்தால் பயந்து பேட்டரி மாற்றக் கிளம்பாதே. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி உள்தடை கூடும், வோல்டேஜ் சட்டென்று விழும், போன் தன்னை அணைத்துக்கொள்ளும். ஸ்வெட்டருக்கு உள்பையில் பத்து நிமிஷம் வைத்துத் திரும்பப் போட்டால் அதே சதவீதத்தோடு எழுந்து உட்காரும். உறைபனியில் கிடந்த போனை மட்டும் உடனே சார்ஜில் போடாதே. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரிக்கு நிரந்தரமாகக் கேடு.

பேட்டரியை மலையில் தின்பது குளிரைவிட சிக்னல். கீழ்க்கோத்தகிரி போகும் வழியில் ஒரு வளைவில் நாலு கோடு இருக்கும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. டவர் தேடித் தேடி, தூரத்து டவருக்கு உரக்கக் கத்திக் கத்தி, பதினொரு மணிக்குள் பாதி பேட்டரி போய்விடும். நான் பள்ளத்தில் இறங்கியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவேன், மேட்டில் ஏறியதும் எடுப்பேன். இலைக் கணக்கு எழுதும் தாளை ஆஃப்லைனில் திறக்கும்படி வைத்திருக்கிறேன், சிக்னல் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். மேப்பிலும் இந்த வட்டாரத்தை முன்பே இறக்கி வைத்தாயிற்று. 5ஜியைத் தேடாமல் 4ஜியில் நிறுத்தியது பெரிய மிச்சம். வீட்டுக்குள் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் போட்டுவிடு. இதையெல்லாம் செய்தபிறகு மாலை வீடு திரும்பும்போது 40 சதவீதம் மிஞ்சுகிறது, முன்பு பவர் பேங்க் இல்லாமல் கிளம்பமாட்டேன்.

லேப்டாப் பற்றிச் சுருக்கமாக. 2016-இல் வாங்கியது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், 4 ஜிபி ராமை 8 ஆக்கினேன். திறந்து வைத்துவிட்டு டீ போட்டு வரும் காலம் போய், அமுக்கிய 20 விநாடியில் கணக்கு முன்னால் நிற்கிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது, இதன் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். தமிழ்99 தட்டச்சும் அதில் இருக்கிறது. பத்து வருஷத்தை நெருங்கும் இயந்திரம், ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. இதைப் பழசில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

போன்? நல்ல போன் தம்பி. நாலு வருஷம் மழையிலும் பனியிலும் என்னோடு உழைத்திருக்கிறது. 2024-இல் பேட்டரி ஒன்று, போர்ட் இரண்டு, வேறு செலவு இல்லை. ஆனாலும் அந்தக் கம்பெனிப் போனை நீ வாங்காதே. மலையிலும் ஆயிரக்கணக்கில் விற்றுவிட்டு, மலைக்காற்றில் சிவந்த ஸ்டிக்கரைக் காட்டி மலைக்காரரைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு நம் வீட்டிலிருந்து இன்னொரு முறை பணம் போக வேண்டாம். மற்ற கம்பெனிகளும் இதைத்தான் செய்வார்கள் என்கிறாய். இருக்கலாம். அவர்கள் இன்னும் எனக்குச் செய்யவில்லை. நான் என் போனை விடமாட்டேன், அது வேறு.

எதை வாங்கினாலும், வரும்போது மேட்டுப்பாளையத்தில் 15 வாட் குண்டு பல்பு நாலு வாங்கிக்கொண்டு வா. உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. இங்கே கடைகளில் எல்இடிதான் இருக்கிறது.