டிவார் குடுவை நல்லதுதான், ஆனால் அந்தத் தக்கை!

புதிதாக ஆய்வகம் அமைக்கும் நண்பர் ஒருவர், நீங்கள் வைத்திருக்கும் அதே அலுமினிய டிவாரையே நானும் வாங்கிவிடட்டுமா என்று கேட்டார். கடுங்குளிரான திரவ நைட்ரஜனை ஊற்றி வைக்கும் குடுவை அது. நாங்கள் தக்கை மாற்றி முடித்த சூட்டோடு கேட்டதால், பதில் கொஞ்சம் காரமாகவே வந்தது.

குளிரைக் காப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே மைனஸ் 196 டிகிரி. வெளிச்சுவரில் கை வைத்தால் சில்லென்றுகூட இருக்காது. இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் என்று 1892-இல் ஜேம்ஸ் டிவார் போட்ட அதே கணக்குதான் இன்றும் வேலை செய்கிறது. விடுமுறை முடிந்து வந்து அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் லேசாக அசைத்தால், திரவம் நிற்கும் உயரம்வரை வெள்ளையாகப் பனி படியும். அந்தக் கோடு ஒருமுறைகூட எங்களை ஏமாற்றியதில்லை.

சரி, தக்கைக்கு வருகிறேன். மூடிக்கு அடியில் நீளமாகத் தொங்குமே, அந்த நுரைத் தக்கை. சுவர் வழியே உள்ளே போகும் வெப்பம் சொற்பம். கழுத்துதான் பலவீனமான இடம். அதைக் காக்கிற பொருளை வெறும் பசையில் ஒட்டி அனுப்புகிறார்கள். அடிக்கடி திறக்கும் குடுவையில் ஈரக்காற்று புகுந்து கழுத்தில் பனிக்கட்டியாக உறைகிறது. தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும், தக்கை உள்ளேயே சிக்கி நிற்கும். நெம்பி எடுத்தால் ஓரம் பிய்ந்து, துணுக்குகள் உள்ளே மாதிரிகளை உறைய வைத்திருக்கும் சிறு குப்பிகளுக்கு (கிரையோ வயல்) நடுவே போய் விழும்.

தக்கை தளர்வாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. அது வெளியேற வழியில்லாமல் இறுக மூடினால் குடுவையே வெடித்துவிடும். தளர்வாக இருக்கட்டும், ஏன் பிய்ந்து வர வேண்டும்?

உதிரித் தக்கை வந்து சேரும்வரை நைட்ரஜன் வேகவேகமாகக் குறைந்தது, நிரப்பி மாளவில்லை. வெற்றிடமே போய்விட்டதோ என்ற பயத்தில் வெளிச்சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தோம். போயிருந்தால் வியர்த்திருக்கும், பனி பூத்திருக்கும். ஒரு சொட்டு ஈரம் இல்லை. இவ்வளவு அருமையான குடுவைக்கு இப்படி ஒரு மூடியா என்று அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது.

அதனால் நண்பரிடம், இதை வாங்காதே, தக்கையை மூடியோடு அழுத்தமாகப் பொருத்தித் தருகிற வேறொன்றைத் தேடு என்று சொல்லிவிட்டேன். இதுதான் வேண்டும் என்றால், ஆர்டரிலேயே இரண்டு உதிரித் தக்கை சேர்த்து எழுதிவிட வேண்டும். அப்புறம் கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.