தெருப்பூனைக்குக் கருத்தடை: மாத்திரை, தத்து, ஆபரேஷன் – எதில் எவ்வளவு பாடு?

சென்னையில் எந்த ஃபிளாட்ஸ் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டாலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மோட்டார் ரூமில் பூனை குட்டி போட்டிருக்கிறது, என்ன செய்வது? எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பார் ஒருவர். பாவம், குட்டிகளை யாருக்காவது கொடுக்கலாம் என்பார் இன்னொருவர். மருந்துக் கடையில் மாத்திரை இருக்கிறதாமே என்று மூன்றாவதாக ஒரு குரல். கடைசியில் யாராவது ஆபரேஷன் என்று எழுதுவார்கள். "செலவு யாருது?" என்று அடுத்த செய்தி வரும். அதோடு குழு அடங்கிவிடும்.

எங்கள் மேற்கு மாம்பலம் குடியிருப்பில் தாய்ப் பூனைக்கு ஆபரேஷன் என்று முடிவெடுத்துச் செய்து முடித்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. மற்ற வழிகளிலும் என்ன இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.

கொண்டுபோய் விடுவதை முதலில் முடித்துவிடலாம். மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் மனசுக்கு நாமே சொல்லிக்கொள்வது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதிதாக வந்ததை அடித்துத் துரத்தும். பசியிலும் தாகத்திலும் வாடும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, இங்கே குப்பைத்தொட்டியும் எலியும் இருக்கிறவரை காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துவிடும்.

கடுவனுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தால் என்ன என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. பெட்டைக்குச் செய்வதைவிட அது எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. சண்டை குறையும், கார் டயரில் அடிக்கும் அந்த மூத்திர நாற்றமும் பெருமளவு குறையும். ஆனால் குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இருக்காது. பருவத்துக்கு வந்த ஒரு பெட்டையின் கத்தலுக்குப் பல தெருக் கடுவன்கள் வந்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் உண்டு. ஒன்று தப்பினாலும் போதும். போதாததற்கு, ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரங்களுக்குக் கடுவனால் சினைப்படுத்த முடியும். கையில் ஒரு ஆபரேஷனுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெட்டைக்கே செய்யுங்கள்.

அடுத்தது மாத்திரை, ஊசி. இதை நான் கொடுத்துப் பார்த்ததில்லை, மருத்துவர்களிடம் கேட்டதையும் தெரிந்தவர் வீட்டில் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். இவை புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மருந்துகள். மெஜெஸ்ட்ரால் மாத்திரையாகவும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசியாகவும் வருகின்றன. சோற்றில் பிசைந்து வைத்தால் வேலை முடிந்தது என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் தெருவில் வைக்கும் சோற்றை எந்தப் பூனை தின்றது என்று யார் பார்த்தார்கள்? ஒன்று இரண்டு பங்கு தின்றிருக்கும், இன்னொன்று மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். ஏற்கெனவே சினையாக இருப்பது தின்றால் பிரசவத்திலேயே சிக்கல் வரலாம். தொடர்ந்து கொடுத்தால் கருப்பையில் சீழ் பிடிப்பது, சர்க்கரை நோய், மடி வீங்குவது, மடியில் கட்டி என்று பட்டியல் நீள்கிறது. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் பார்த்த அந்த வீட்டுப் பூனைக்கு மடி இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அதற்கும் ஆபரேஷன்தான் செய்தார்கள். மருத்துவர் பார்த்து அளவு சொல்லி, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குக் கொஞ்ச காலம் கொடுப்பது வேறு விஷயம். தெருவுக்கு இது சரிப்படாது.

இனி, நிஜமான போட்டி: குட்டிகளுக்கு வீடு தேடுவதா, தாய்க்கு ஆபரேஷனா?

குட்டிகளைத் தத்துக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. புது வீட்டிலிருந்து போட்டோ வரும், சோபாவில் மல்லாந்து படுத்திருக்கும், நமக்கும் நிம்மதி. குட்டிகளைப் பொறுத்தவரை அதைவிட நல்ல முடிவு கிடையாது. எட்டு வாரம் வரையாவது தாயிடம் விட்டு, அதே சமயம் இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதக் கைக்குப் பழக்கிவிட்டால் அவை நல்ல வீட்டுப் பூனைகளாக வளரும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் சீறல்தான், பழக்குவது பெரிய வேலை.

சிக்கல் எங்கே என்றால், கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஆண் குட்டிதான் வேண்டும். அதிலும் ஆரஞ்சு நிறமாக இருந்தால் உடனே வருகிறேன் என்பார்கள். ஆரஞ்சுப் பூனைகளில் பெரும்பாலானவை கடுவன்கள், அதனால் அவை போய்விடும். மூன்று நிறம் கலந்தது கிட்டத்தட்ட எப்போதுமே பெட்டை. அதை எவ்வளவு அழகாகப் படம் எடுத்துப் போட்டாலும் "பெண் குட்டியா? பரவாயில்லை, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வரும். ஆக, பெட்டைகள் தெருவிலேயே தங்கும். நாலைந்து மாதத்திலேயே அவை சினைப்பட முடியும். யாருக்கும் வேண்டாத குட்டிதான் அடுத்த தாய்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. குட்டிகளைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் தாய்க்குப் பால் நின்று, ஓரிரு வாரத்திலேயே கூட அது திரும்பப் பருவத்துக்கு வந்துவிடும். பாலூட்டிக்கொண்டே சினைப்படுவதும் உண்டு. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகளுக்கு ஓய்வு கிடைக்கும். நம் ஊரில் பகல் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை என்பதால் அந்த ஓய்வும் கிடையாது. தாயை விட்டுவிட்டுக் குட்டிகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான். எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாமி அப்படித்தான் பல ஈற்றுகளுக்கு வீடு தேடித் தேடி ஓய்ந்துபோனார். ஆபரேஷனுக்கு முதலில் பணம் போட்டதும் அவர்தான்.

ஆபரேஷனுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் உண்டு. ஒரு ஈற்றாவது போடட்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. உண்மையில் ஆறு மாதத்துக்குள் செய்துவிட்டால் மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 90 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. குண்டாகிவிடுமே என்றால், தெருப்பூனைக்கு அந்தக் கவலை நமக்கு வேண்டாம். பணம் மட்டும் நியாயமான கவலை. தனியார் கிளினிக்கில் சில ஆயிரம் ஆகும். அதையும் பத்து வீடுகள் பிரித்துக்கொண்டால் ஒரு மாத கேபிள் பில் அளவுக்குத்தான் வரும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் நாட்கள். பூனையை எங்கே வைப்பது, யார் பார்ப்பது? இதை யோசிக்காமல் பூனை பிடிக்கும் கூண்டை எடுக்காதீர்கள். எங்கே கொண்டுபோய்ச் செய்வது என்பதைக்கூட இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அரசு கால்நடை மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு. வேப்பேரியில் இருப்பது 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்கே கற்றுத்தேர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டத்தில் காத்திருந்து, மயக்கம் தெளிந்ததும் பூனையைக் கையோடு கூட்டிவர வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தனி பாத்ரூம் ஒன்றை விட்டுக்கொடுக்க முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி. தொண்டு நிறுவனங்கள் இரண்டாவது. 1959-இல் சென்னையில் ஆரம்பித்த ப்ளூ க்ராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. தெருப் பிராணிகளைக் கையாண்ட அனுபவம் இப்படிப்பட்ட இடங்களில் அதிகம், சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. எந்தக் காப்பகமானாலும் அங்கே நோய்ப்பட்ட பிராணிகளும் வந்துபோகும். பான்லூகோபீனியா என்ற கொடிய பூனைத் தொற்றுநோயின் கிருமி ஒரு இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் தடுப்பூசி போடாத பூனையை நீண்ட நாள் விட்டுவைக்க எனக்குத் தயக்கம். மூன்றாவது, தங்கவைக்கும் வசதியுள்ள தனியார் கிளினிக். நாள் வாடகை தனி. நாங்கள் இதைத்தான் எடுத்தோம். எங்கள் யார் வீட்டிலும் சீறுகிற பூனையை வைக்க இடம் இல்லை என்பதே காரணம்.

போனில் விசாரிக்கும்போது விலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: விலாவில் வெட்டுவீர்களா, அடிவயிற்றிலா? குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்க்கு அடிவயிற்றில் வெட்டினால் பால் சுரப்பிகள் குறுக்கே வரும். விலாவில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. தையல் விட்டாலும் குடல் சரிந்து வெளியே வரும் அபாயம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருப்பூனையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க முடியாது. விலாவில் இருந்தால், அது தட்டில் குனிந்து தின்னும்போதே ஆறடி தள்ளி நின்று காயம் காய்ந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எங்கள் பூனைக்கு ஒரு பக்கம் மட்டும் முடி மழித்த சதுரம், அதன் நடுவே இரண்டு விரல்கடைக்குக் குறைவான கோடு. அவ்வளவுதான். உள்தையல், தானாகக் கரையும் நூல். தையல் பிரிக்க மறுபடி பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேறு மருத்துவர்கள் அடிவயிற்றுமுறைதான் தங்களுக்குக் கைவந்தது என்று சொல்லக்கூடும். அவர்களிடம் போய் விலாவில்தான் வெட்ட வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். பழகிய கை முக்கியம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதானால்: பாத்ரூம் ஜன்னலை முதலில் அடைத்துவிடுங்கள், வாஷிங் மெஷின் இருந்தால் பின்பக்க இடுக்கையும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கெட் மணல் கேட்டு வாங்கி டப்பில் கொட்டிவைத்தால் அதுதான் கக்கூஸ் என்று பூனை தானாகப் புரிந்துகொள்ளும். கூண்டின் மேல் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தினால் பாதிப் பதற்றம் அடங்கும். வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரையே உயிரைக் குடிக்கும். மருத்துவர் போட்ட ஊசி போதும், போதாவிட்டால் அவரையே கேளுங்கள். முதல் நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது பெரிய விஷயமில்லை. அதற்கு மேலும் வாயைத் திறக்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போன் போடுங்கள்.

இத்தனை பாடும் சில நாட்களுக்குத்தான். இங்கேதான் மற்ற வழிகள் தோற்கின்றன. மாத்திரை என்றால் யாரோ ஒருவர் ஊருக்குப் போகாமல் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தத்து என்றால் ஒவ்வொரு ஈற்றுக்கும் போட்டோ, போன், வீடு பார்ப்பது, ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறார்களா என்று விசாரிப்பது. அந்த ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் எல்லாம் பழையபடி ஆரம்பிக்கும். ஆபரேஷன் முடிந்த பூனைக்கு நாம் செய்ய வேண்டியது தண்ணீரும் சாப்பாடும் வைப்பது, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருடா வருடம் போட முடிந்தால் போடுவது.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் "ஐயோ, காதையா?" என்று எதிர்ப்பு வந்தது. ஆனால் மழித்த முடி வளர்ந்ததும் ஆபரேஷன் தழும்பு வெளியே தெரியாது, காதுதான் அடையாளம். அடையாளம் இல்லாவிட்டால் வேறு யாராவது நல்ல மனசோடு அதே பூனையைப் பிடித்துப் போய் மறுபடி வயிற்றைத் திறந்துவிடுவார்கள்.

ஆக என் வரிசை இதுதான்: குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்து தாய்க்கு ஆபரேஷன், அதே நாட்களில் குட்டிகளுக்கு வீடு, பணம் மிஞ்சினால் கடுவனுக்கு. பெட்டைக் குட்டியைக் கொடுக்கும்போது ஆபரேஷன் செலவில் பாதி எங்களுடையது என்று சொல்லிப் பார்த்தோம், அப்போது தயங்கியவர்கள் சிலர் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக் காப்பகங்களில் ஒரு கிலோ எடை வந்ததுமே குட்டிக்கு ஆபரேஷன் செய்துவிட்டுத்தான் தத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் மருத்துவர் ஐந்து மாதம் ஆகட்டும் என்றார். அத்தனை சின்னக் குட்டிக்குச் செய்து நான் பார்த்ததில்லை, அதனால் அதில் அவர் சொன்னபடியே நடந்தோம்.

பிடித்த பூனை ஏற்கெனவே சினை என்று மேஜையில் தெரியவந்தால் என்ன செய்வது? சினையோடு ஆபரேஷன் செய்ய முடியும், பல மருத்துவர்கள் செய்கிறார்கள், ஆரம்ப நாட்களில் அபாயமும் குறைவு. உள்ளே இருக்கும் குட்டிகள் பிறக்காது. இதற்குச் சம்மதமா என்று கேட்டு வாங்கிய படிவத்தில் எங்கள் மாமி வெகுநேரம் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் பூனை சினையாக இல்லாததால் அந்த முடிவை எடுக்க வேண்டி வரவில்லை. வந்திருந்தால், வயிறு நன்றாகத் தெரிகிற நிலையென்றால் பிரசவம் வரை விட்டிருப்பேன், அதற்கு முன்னால் என்றால் செய்யச் சொல்லியிருப்பேன். கூண்டு வைப்பதற்கு முந்தின நாளே உங்கள் ஆட்களோடு இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும்போது அல்ல.