மின்விசிறியை நிறுத்திய பாய்

1:05க்கு நிற்கும். லேசாகத் தட்டினால் ஓடும். மறுபடி 2:11க்கு நிற்கும். கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவில் பேரம் பேசி வாங்கிய போலி ரோலெக்ஸ் வாட்ச்தான், அதற்காக இப்படியா? 12 மணி நேரத்தில் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் 11 முறை சந்திக்கும். சந்திக்கிற போதெல்லாம் உரசிக்கொண்டு நின்றுவிடும். தேதியோ இரவு ஒன்பதரைக்கே மாறிவிடும். சிங்கப்பூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். போலியில் கை வைக்க மாட்டோம் என்று மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள்.

திருச்சியில் ஆகாததா என்று முதலில் போனது ஏசி போட்ட கடைக்கு. டோக்கன், குறுஞ்செய்தி, 'மூன்று நாள் ஆகும் சார்'. ஊர் முன்னேறிவிட்டது என்று புல்லரித்தது. நான்காம் நாள், பேட்டரி மாற்றியதாக 450 ரூபாய்க்கு ரசீது நீட்டினார்கள். பேட்டரியே இல்லாத ஆட்டோமேட்டிக் வாட்ச் அது! படியிறங்குவதற்குள் 4:22. நின்றுவிட்டது.

தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் வாட்ச் ரிப்பேர் பாய் இன்னும் இருக்கிறார் என்று அக்காதான் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே அதே கண்ணாடிப் பெட்டி. பாதியில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன. மீதியில் உதிரிபாகத்துக்காகக் குவித்துவைத்த பழைய எச்எம்டி வாட்சுகள். அந்த வாட்ச் கம்பெனியே 2016இல் மூடப்பட்டுவிட்டது.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு பார்வைதான் பார்த்தார். "முள் குத்தத் தெரியாதவன் குத்தியிருக்கிறான், தம்பி."

டயலில் கீறல் விழாமலிருக்க ஒரு பாலிதீன் துண்டை விரித்து, மூன்று முள்ளையும் நெம்பி எடுத்தார். தேதி 'டக்'கென்று மாறும்வரை சாவியைத் திருகினார். "இதுதான் ராத்திரி 12" என்று சொல்லி, சின்ன முள்ளைத் தாழ்வாக அழுத்தி, அதன்மேல் இடைவெளி விட்டுப் பெரிய முள்ளை வைத்தார். அடுத்தது நொடி முள். எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். மே மாதம், பிற்பகல் மூன்று மணி, மாடிப்படிக்குக் கீழே! சிங்கப்பூரில் என்றால் புகார் எழுதியிருப்பேன்.

"மூச்சை அந்தப் பக்கம் விடுங்கள், தம்பி."

திரும்பி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன். முதுகில் வேர்வை ஓடியது. மயிரிழை போன்ற முள்ளைச் சாமணத்தில் பிடித்து, மயிரிழை நுழைகிற துளையில் இரண்டாம் முயற்சியில் உட்காரவைத்தார். பிறகு வாட்சைக் கண்மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்துச் சாவியைத் திருகினார். 1:05 தாண்டியது. 2:11 தாண்டியது. 12 வரை ஒரு சுற்று முழுவதும் பார்த்த பிறகுதான் மின்விசிறியைப் போட்டார்.

150 ரூபாய். என்னிடம் இருந்தது ஒரே 500 ரூபாய்த் தாள், அவரிடம் சில்லறை இல்லை. எதிரே ஒட்டியிருந்த கியூஆர் அட்டை என் சிங்கப்பூர் கைபேசிக்கு ஒத்துவரவில்லை. "நாளைக்குக் கொடுங்கள்" என்றார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடை கிடையாது; எனக்கோ இரவு விமானம். பணத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு முறை போனில் நினைவூட்டியும் 'போகும்போது கொடுக்கிறேன்டா' என்றுதான் சொல்கிறாள்.