சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ உயிரியல் டியூஷன்: சேர்க்கலாமா?

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்முக்கு உயிரியல் என்றால் இங்கே பாதிப் பேர் பிள்ளையை ஈப்போவுக்கு ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம். சுங்கை சிப்புட் டவுனிலேயே, கடைவரிசை மாடியில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு மகளைச் சேர்த்தேன். முதல் வகுப்புக்குப் பெற்றோரும் பின்வரிசையில் உட்காரலாம் என்றார், உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் செல் சவ்வு, அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை பற்றிய பாடம். மகள் முன்பு போன இடத்தில் இதற்கு ஒரு படம் போட்டு, இது கொழுப்பு, இது புரதம் என்று அம்புக்குறி இழுத்து, மனப்பாடம் செய் என்று விட்டுவிட்டார்கள். படத்தில் எல்லாம் அசையாமல் நிற்கும். டீச்சர் அந்தப் படத்தைத்தான் முதலில் அழித்தார்.

1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன பாய்ம மொசைக் மாதிரி (சவ்வின் கொழுப்பில் புரதங்கள் மிதந்து நகரும் என்ற விளக்கம்) எல்லா நோட்டிலும் இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஃப்ரையும் எடிடினும் செய்த சோதனையிலிருந்து இவர் ஆரம்பிக்கிறார். எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் வைரஸ் வைத்து ஒட்டி ஒரே செல்லாக்கி, இரண்டின் புரதங்களுக்கும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் அடையாளம் போட்டார்கள். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்திருந்த நிறங்கள் 37 டிகிரியில் 40 நிமிடத்தில் முழுக்கக் கலந்துவிட்டன. செல்லின் ஆற்றலைத் தடுத்தாலும் கலந்தன, அதாவது யாரும் தள்ளாமலே புரதங்கள் தாமாக நகர்கின்றன. 15 டிகிரிக்குக் கீழே போனால் கலப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. (வகுப்பில் ஏர்கோன் கிட்டத்தட்ட அந்த நிலைதான், சுவெட்டர் கொடுத்து அனுப்புங்கள்.)

சரி, நகர்ந்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். எனக்கும் அதே கேள்வி. செல்லை வளரச் சொல்லும் ஈ.ஜி.எஃப் என்ற புரதம் வந்து, சவ்வில் இருந்தபடி செய்தி வாங்கும் புரதமான ஏற்பியில் ஒட்டினால் மட்டும் போதாதாம், ஒட்டிய ஏற்பி சவ்வில் நகர்ந்து இன்னொன்றோடு ஜோடி சேர வேண்டும், ஜோடி சேர்ந்தபின் ஒன்று மற்றொன்றுக்குப் பாஸ்பேட் ஏற்றும், அதற்குப் பிறகுதான் செய்தி உள்ளே போகும். நகர முடியாமல் தனியாக நிற்கும் ஏற்பிக்கு ஈ.ஜி.எஃப் கிடைத்தும் பெரிதாகப் பயன் இல்லை. கச்சான் (வேர்க்கடலை) சாப்பிட்டுச் சிலருக்குத் தடிப்பதும் இப்படித்தான், அலர்ஜி செல்லின் மேலுள்ள ஏற்பிகளைக் கச்சானின் புரதம் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது குசுமி என்ற ஜப்பானியர் கண்டுபிடித்த விஷயம். சவ்வின் மூலக்கூறுகளில் தங்கத் துகளை ஒட்டி அதிவேகக் கேமராவில் படம் பிடித்தால், அவை இஷ்டத்துக்கு ஓடவில்லை. சவ்வுக்கு அடியில் இருக்கும் இழைகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. செம்பனைத் தோட்டத்தில் மின்வேலி போட்டு மாடு மேய்ப்போமே, அதுபோல ஒரு கட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு எப்போதாவது அடுத்த கட்டத்துக்குத் தாவும் என்றார் டீச்சர், இரண்டு மூன்று மாட்டைச் சேர்த்துக் கட்டிவிட்டால் தாவாது. செய்தி வாங்கிக் கூட்டமாகச் சேர்ந்த ஏற்பிகளும் அப்படியே தங்கிவிடுவதால், செல்லின் எந்தப் பக்கம் செய்தி வந்ததோ அந்தப் பக்கமே வேலை நடக்க வழியாகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

என் மகள், பாட்டி போடும் இன்சுலினும் அப்படித்தானா டீச்சர் என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர், இல்லை கண்ணு, இன்சுலின் ஏற்பி பிறக்கும்போதே ஜோடியாகப் பிணைந்திருக்கும், அங்கே ஜோடி தேடி நகரும் வேலை இல்லை, நகர்வது குளூட்4 என்ற வேறு புரதம், தசையிலும் கொழுப்பிலும் செல்லுக்குள்ளிருந்து சவ்வுக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும் என்று விளக்கினார். ஒரு விதியைச் சொல்லி முடித்த கையோடு அது பொருந்தாத இடத்தையும் காட்டுகிற ஆசிரியர் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

குறைகளும் உண்டு. விடை எழுதும் பயிற்சி போதாது, பழைய பரீட்சைத் தாள்களைப் பிள்ளைகளே தனியாகச் செய்துகொள்ள வேண்டும். போட்டோஸ்டேட் நோட்டு மங்கலாக இருக்கிறது, படங்களில் பாதி கறுப்புத்தான். ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டைத் தாண்டும், கீழே காரில் காத்திருந்தால் பசிக்கும், மாமாக் கடைக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை பார்க்கிங் கிடைப்பது கஷ்டம்.

மாதம் 80 வெள்ளி, ஈப்போ போய் வரும் பெட்ரோலை நினைத்தால் எனக்கு இது மலிவு. கடைசி இரண்டு மாதம் ஸ்கோர் ஏற்ற மட்டும் டியூஷன் தேடுகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. முதல் தவணை தொடங்கும்போதே சேர்ப்பதாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், இருபது நாற்காலிதான் போட்டிருக்கிறார், அதனால் சீக்கிரம் போய்ப் பேசிவிடுங்கள்.